எஸ்10இ-யா, ஏ55-ஆ: ஏணி மேல் நின்று ஒரு ஒப்பீடு

போன வருடம் ஜூனில் சரவணம்பட்டி பக்கம் ஒரு வீட்டு வேலை. ஏணியின் நாலாவது படியில் நின்றபடியே கடைக்கு வாட்ஸப்பில் ஒயர் ஆர்டர் அனுப்பினேன். 2.5 ஸ்கொயரில் (ஒயரின் கனம் அது) சிவப்பு ரெண்டு காயில், கறுப்பு ரெண்டு காயில் என்று அடித்ததாகத்தான் நினைப்பு. மதியம் வந்து இறங்கியது 1.5. கடைக்காரரிடம் போனில் எகிறினேன். மனுஷர் ஒன்றும் பேசவில்லை, என் மெசேஜையே எனக்குத் திருப்பி அனுப்பினார். 1.5 என்றுதான் இருந்தது. கண்ணாடி கீழே வேனில் கிடந்தது, 1-ம் 2-ம் பக்கத்துப் பக்கத்துப் பொத்தான். 1.5 ஒல்லி, பவர் பாயின்ட்டுக்கு இழுக்க முடியாது. அரை நாள் போச்சு.

"அண்ணா, போன மாத்துங்க, இல்லீன்னா கண்ணாடிய மூக்குலயே ஒட்டி வச்சுக்கங்க" என்றான் கூட வேலை செய்யும் பையன்.

அந்தப் போன் சாம்சங் கேலக்ஸி எஸ்10இ. 2019-இல் வந்தது. அப்போது புதுசின் விலை 55,900 ரூபாய். நான் அந்த விலைக்கு வாங்கவில்லை. 2021-இல் காந்திபுரம் கிராஸ் கட் ரோட்டில் செகண்ட் ஹேண்டாக 19,000 கொடுத்து வாங்கினேன். மாற்றாக இப்போது என்னிடம் இருப்பது அதே கம்பெனியின் ஏ55. அது 2024 மார்ச்சில் 39,999 விலையில் கடைக்கு வந்தது. ஒரு வருடம் கழித்து ஏ56 வந்ததும் விலை சரிந்து எனக்கு 28,000-க்குக் கிடைத்தது. எட்டு மாதமாக இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் இரண்டு என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் வயரிங் வேலைக்காரன், 22 வருடமாக. போன் விமர்சனம் எழுதுகிறவர்கள் பெஞ்ச்மார்க் ஓட்டிப் பார்ப்பார்கள், கேம் ஆடிப் பார்ப்பார்கள். என்னிடம் இருப்பது ஏணி, சட்டைப் பை, சிமென்ட் தூசி, அப்புறம் 47 வயதுக் கண்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். எஸ்10இ-யின் அகலம் 69.9 மில்லிமீட்டர், உயரம் 142.2, எடை 150 கிராம். ஏ55-இன் அகலம் 77.4, உயரம் 161.1, எடை 213 கிராம். ஏழரை மில்லிமீட்டர் அகலம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். சுவரில் காடி வெட்டி முடித்தபிறகு மெட்டல் பாக்ஸ் ஏழு மில்லி உள்ளே போகாமல் நின்றவனைக் கேட்டுப் பாருங்கள். எடையில் வித்தியாசம் 63 கிராம், ஒரு கோழி முட்டை அளவு. அந்த முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தால் சாயங்காலம் தெரியும்.

சட்டைப் பைதான் எனக்கு முக்கியம். பேன்ட் பையில் டெஸ்டரும் டேப் ரோலும் இருக்கும், அங்கே போன் வைத்தால் கண்ணாடி கீறிப்போகும். எஸ்10இ சட்டைப் பைக்குள் முழுசாக இறங்கி உட்கார்ந்துவிடும். சுவிட்ச் போர்டு முன்னால் குந்தி உட்கார்ந்து தலையை உள்ளே விட்டாலும் நழுவாது. ஏ55 இரண்டு விரல் அளவுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாங்கிய மூன்றாவது வாரம், கீழே கிடந்த பைப் வளைவை எடுக்கக் குனிந்தேன், நேராக பூச்சுக்காரர் வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. தண்ணீர், தூசி தாங்குகிற ஐபி67 தரம் உள்ள போன், எடுத்துத் துடைத்ததும் ஒன்றும் நடக்காதது போல வேலை செய்தது. அதற்கு முழு மார்க் கொடுத்துவிடலாம். ஆனால் வாளி இல்லாத இடத்திலும் நான் குனிகிறேனே.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொள்வது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். பென் டார்ச் போய் போன் வந்தபிறகு போனைக் கடிக்கிறோம். எஸ்10இ-க்குப் பின்னால் ஒரு ரப்பர் கவர், அதன் கீழ் ஓரத்தை லேசாகக் கடித்துக்கொண்டால் டிபி பாக்ஸுக்குள் (வீட்டு கரன்ட் பிரிகிற பெட்டி) ஒரு எம்சிபி, அதாவது கோளாறு வந்தால் தானே விழுகிற சுவிட்ச், மாற்றி முடிக்கிற வரைக்கும் தாங்கும். ஏ55-ஐ ஒரு தடவை கடித்துப் பார்த்தேன். முன் பாரம் இழுத்துத் தாடை வலித்தது, எச்சிலும் ஒழுகியது. அதற்கப்புறம் தலையில் மாட்டுகிற லைட் ஒன்று வாங்கிவிட்டேன். அந்த 350 ரூபாயையும் ஏ55-இன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை இயக்கினால், எஸ்10இ-யில் கட்டைவிரல் எதிர்ப்பக்க மேல் மூலை வரைக்கும் கிட்டத்தட்டப் போய்விடும். ஏ55-இல் பாதி தூரம்தான். ஒரு கை முறை என்று ஒன்று அதில் உண்டு. திரையின் அடி ஓரத்தில் விரலைக் கீழே இழுத்தால் படம் முழுக்கச் சுருங்கி ஒரு மூலைக்கு வரும். மூன்று பெட்ரூம் வீடு வாங்கிவிட்டு ஹாலில் மட்டும் பாய் விரித்துப் படுக்கிற மாதிரி இருக்கிறது அது.

கைரேகையிலும் சின்ன போனுக்கே என் ஓட்டு. எஸ்10இ-யில் ரேகைப் பட்டை வலது ஓரத்தில், பவர் பொத்தானோடு சேர்ந்து இருக்கிறது. பொத்தான் கொஞ்சம் உயரத்தில்தான் இருக்கிறது, இடக்கைக்காரர்களுக்கு ஒத்துவராது. ஆனால் பையிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரல் அங்கே போய்விடுவதால், வெளியே வருவதற்குள் திறந்திருக்கும். ஏ55-இல் திரைக்கு அடியில் ஒளியை வைத்து ரேகை படிக்கிற வகை. விரலில் சுண்ணாம்புத் தூசி இருந்தால் படிக்காது. குற்றம் என் விரலில்தான், ரேகையே பாதி தேய்ந்துபோன விரல். துடைத்துவிட்டு வைத்தால் திறக்கும். காடி வெட்டுகிற நாளில் எத்தனை தடவைதான் துடைப்பது?

தூசி என்றதும் சார்ஜிங் ஞாபகம் வருகிறது. சிமென்ட் தூசி சார்ஜ் துளையில் அடைந்து, வியர்வை ஈரத்தில் இறுகி, ஒயர் முழுசாக உட்காராமல் போவது எங்கள் தொழிலில் சகஜம். எஸ்10இ-யில் ஒயரில்லாத சார்ஜிங் உண்டு. வேனில் ஒரு சார்ஜ் தட்டு ஒட்டி வைத்திருக்கிறேன், சாப்பிடப் போகும்போது அதன் மேல் போட்டுவிட்டுப் போவேன். துளை அடைத்தாலும் கவலை இல்லை. திருப்பிக் கொடுக்கிற வசதியும் உண்டு, பையன் தன் இயர்பட்ஸ் டப்பாவை இதன் முதுகில் வைத்துச் சார்ஜ் ஏற்றியிருக்கிறான். ஏ55-இல் இரண்டுமே கிடையாது. ஐந்து வருடம் கழித்து வந்த போனில் இல்லையே என்று முதலில் கடுப்பாக இருந்தது. அப்புறம் யோசித்தால், ஒன்று அந்தக் காலத்து உச்ச வரிசையில் சின்னது, மற்றது நடு வரிசை. கம்ப்யூட்டருக்கு போட்டோ ஏற்றும்போதும் இது தெரியும். பழையதில் யூஎஸ்பி 3.1, புதியதில் யூஎஸ்பி 2.0. 40 ஜிபி போட்டோ ஏற்ற எஸ்10இ-க்கு ஒரு டீ நேரம், ஏ55-க்கு டீ, வடை, பேப்பர்.

வேனில் பாட்டு விஷயத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். என் ஆம்னியில் இருப்பது பழைய செட், ஆக்ஸ் ஒயர் மட்டும்தான். எஸ்10இ-யில் 3.5 மில்லி துளை இருக்கிறது, ஏ55-இல் இல்லை. பழையது பாடுகிறது, புதியது சும்மா வருகிறது.

இதுவரை படித்தவர்கள், பின்னே எதற்கு ஏ55 வாங்கினாய் என்று கேட்பீர்கள். கண்தான் காரணம்.

கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்து மூன்று வருடம். ஆர்கிடெக்ட் பிடிஎஃப்-இல் லைட் பாயின்ட் படம் அனுப்புவார். 5.8 அங்குலத் திரையில் அதைப் பார்ப்பது, ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்ப்பது மாதிரி. பெரிதாக்கினால் எந்த ரூமில் இருக்கிறோம் என்று தெரியாது, சிறிதாக்கினால் எந்த சுவிட்ச் என்று தெரியாது. ஏ55-இன் 6.6 அங்குலத்தில் ஒரு மாடி முழுக்க ஒரே பார்வையில் படிக்க முடிகிறது, கண்ணாடி இல்லாமலே பாதி.

அதைவிடப் பெரிய வித்தியாசம் தமிழ் விசைப்பலகையில். இங்கிலீஷ் பலகை அடக்கமாக உட்காரும். நம்முடையதில் எழுத்தும் அதிகம், வரிசையும் அதிகம். எஸ்10இ-யில் எழுத்தளவைப் பெரிதாக்கி, தமிழ்ப் பலகையையும் திறந்தால், மேலே வாட்ஸப்பில் இரண்டு வரிதான் மிச்சம் தெரியும். யாருக்குப் பதில் எழுதுகிறோம் என்பதே மறைந்துபோகும். ண, ன, ந மூன்றும் என் விரலுக்கு ஒன்றுதான். "பணம்" என்று ஒருத்தரிடம் கேட்டது "பனம்" என்று போய், அவர் பனம்பழமா என்று கேட்டு, வசூல் இன்னொரு வாரம் தள்ளிப்போனது. ஏ55-இல் இந்தத் தொல்லை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஒயர் ஆர்டரிலும் அதற்குப்பிறகு தப்பு வரவில்லை.

அடுத்த காரணம் பாதுகாப்பு. எஸ்10இ ஆண்ட்ராய்ட் 12-ஓடு நின்றுவிட்டது, 2023-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட்டும் இல்லை. போன் ஓடும், ஆப் எல்லாம் திறக்கும், அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் கஸ்டமர்கள் அட்வான்ஸ் போடுகிற வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, யூபிஐ எல்லாம் அதில் இருப்பது எனக்கே உறுத்தியது. வீட்டு மெயின் போர்டில் எர்த் இல்லாமல் இருந்தால் "எல்லாம் எரியுதுங்களே, அப்புறம் என்ன" என்று சொல்கிறவர்களை நான் திட்டுவேன். அதே தப்பை நானே செய்துகொண்டிருந்தேன். ஏ55 ஆண்ட்ராய்ட் 14-ஓடு வந்தது. நாலு தலைமுறை ஆண்ட்ராய்டும் ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் சொல்லியிருக்கிறார்கள், அதாவது 2029 வரைக்கும். வங்கி சம்பந்தப்பட்டது எல்லாவற்றையும் முதல் நாளே இதற்கு மாற்றிவிட்டு, பழையதிலிருந்து அழித்தேன்.

பேட்டரி பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. 3,100 எம்ஏஎச் எங்கே, 5,000 எங்கே. காலையில் எட்டரைக்கு எடுத்துப் போகிற ஏ55 ராத்திரி வீட்டில் சீரியல் முடிகிறவரை தாங்கும். எஸ்10இ மதியச் சாப்பாட்டுக்கு வேன் தட்டில் ஏறியே ஆக வேண்டும். பேட்டரி மாற்றிய கதையை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய போன் வாங்குகிறவர்களுக்கு அது உதவும். 2023-இல் ஒரு சின்னக் கடையில் 900 ரூபாய்க்கு "ஒரிஜினல்" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தார்கள். ஐந்தாவது மாதம் முதுகுக் கண்ணாடியின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. வேலைத் தூசி என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேஜை மேல் வைத்தால் போன் தொட்டில் மாதிரி ஆடியது. பேட்டரி உப்பியிருந்தது. உடனே அணைத்து, வேறொரு இடத்தில் 2,200 கொடுத்து மாற்றினேன். அதோடு இன்னொன்று: முதுகைத் திறந்து ஒட்டிய போனில் பழைய ஐபி68 கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகாமல் தடுத்தது அந்த ஓரத்துப் பசைதான், அதைச் சூடு காட்டித்தான் பிரிக்கிறார்கள். எஸ்10இ-யை இப்போது மழையில் வெளியே எடுப்பதில்லை.

கேமரா எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை, கணக்குப் புத்தகம். பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், ஒயர் பைப் எந்த வழியில் போகிறது என்று தெரிகிற மாதிரி, டேப்பைத் தரையிலிருந்து நிறுத்திப் பிடித்துப் படம் எடுத்துவிடுவேன். மூன்று வருடம் கழித்து "அண்ணா, டிவி மாட்டணும், எங்க துளை போடலாம்" என்று போன் வரும். அந்தச் சுவரின் படத்தை அனுப்பினால் போதும். இதுவரை 60 வீட்டுக்கு மேல் படம் இருக்கிறது, எல்லாம் ஒரு மெமரி கார்டில். ஏ56-ஐ விட்டு ஏ55 எடுத்ததற்கு விலை ஒரு காரணம், கார்டு இன்னொரு காரணம். ஏ56-இல் கார்டு போட இடமே இல்லை. ஏ55-இல் இருக்கிறது, ஆனால் எஸ்10இ போலவே இரண்டாவது சிம் அல்லது கார்டு, ஏதாவது ஒன்றுதான்.

பாத்ரூம் மாதிரி நெருக்கமான இடத்தில் முழுச் சுவரையும் பிடிக்க அகலக் கோணக் கேமரா வேண்டும். இரண்டிலும் இருக்கிறது. ஓரங்களில் கோடு வளையும் என்பதால் டேப்பை நடுவில் வைக்க வேண்டும், அதுவும் இரண்டிலும் அப்படியே. மெயின் கேமராவில் பழையதுக்கு 12 எம்பி (மெகாபிக்சல்), புதியதுக்கு 50 எம்பி. நல்ல வெளிச்சத்தில் பைப் படத்தைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்குள் இருட்டில் எடுத்தால் ஏ55 ஜெயிக்கிறது. ஒரு ரசனைக்காகச் சொல்கிறேன்: எஸ்10இ-யின் லென்ஸில் கண்மணி மாதிரி சுருங்கி விரிகிற ஒரு அமைப்பு உண்டு, எஃப் 1.5-இலிருந்து 2.4-க்கு. ப்ரோ முறையில் மாற்றிவிட்டு லென்ஸுக்குள் உற்றுப் பார்த்தால் அந்த இதழ் அசைவது கண்ணுக்கே தெரியும். வேலைக்கு அதனால் பெரிய பயன் ஒன்றுமில்லை. ஆனாலும் இப்படி ஒரு சாமானை இந்தச் சின்ன உடம்புக்குள் வைத்தார்களே என்று தொழில்காரனுக்கு ஒரு மரியாதை வரும்.

ஏ55-இன் 5 எம்பி மேக்ரோ கேமராவை எல்லோரும் கேலி செய்கிறார்கள். எனக்கு அது தினமும் உதவுகிறது. பழைய எம்சிபி மேல் "சி16" என்று பொடியாக அச்சடித்திருக்கும், அதன் கீழே ஒரு கட்டத்துக்குள் 6000 என்றோ 10000 என்றோ இருக்கும். கிட்டே கொண்டுபோய் ஒரு படம் எடுத்து விரித்துப் பார்த்தால் சந்தேகமே இல்லை. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அது கேமரா இல்லை, பூதக்கண்ணாடி.

வேகம், 5ஜி இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஏ55-இன் 120 ஹெர்ட்ஸ் திரை வழுக்கிக்கொண்டு போவது பார்க்க நன்றாக இருக்கிறது, எஸ்10இ 4ஜி-யிலேயே நின்றதால் எனக்கு நஷ்டம் ஒன்றும் வரவில்லை.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். சின்ன போன் வேண்டும் என்கிறவன் இன்று என்ன செய்வது? எஸ்10 வரிசையில் "இ" என்று ஒரு குட்டி இருந்தது, அடுத்த வருட எஸ்20 வரிசையில் அதை எடுத்துவிட்டார்கள். ஐபோனில் 12 மினி, 13 மினி என்று இரண்டு வருடம் வந்தது, 14-இல் மினி போய் ப்ளஸ் வந்தது. ஆசுஸ் சென்ஃபோன் 10 வரைக்கும் 5.9 அங்குலத்தில் போட்டுவிட்டு அடுத்ததை 6.78-க்கு வளர்த்துவிட்டார்கள். 2025-இல் வந்த எஸ்25-இன் அகலம் 70.5 மில்லிமீட்டர், எடை 162 கிராம். என் எஸ்10இ-க்கு மிக அருகில் வருகிறது, கையில் எடுத்துப் பார்த்து ஏங்கினேன். கடைக்கு வந்தபோது விலை 80,999. ஒன்ப்ளஸ் 13எஸ் 71.7 மில்லி, அது வந்தபோது 54,999. 30,000-க்குள் புதிதாக, சட்டைப் பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று கேட்டால், கடைப் பையன் என்னை மேலும் கீழும் பார்க்கிறான். எல்லோரும் போனில் படம் பார்க்கிறார்கள், பெரிய திரைதான் விற்கிறது, அது புரிகிறது. ஏணியில் நிற்கிறவர்களும் இந்த ஊரில் இருக்கிறோம்.

அதனால்தான் இரண்டு. எஸ்10இ-யில் கஸ்டமர்கள் நம்பர், கேமரா, டார்ச், பாட்டு. அது சட்டைப் பையில். ஏ55-இல் வங்கி, பில், டிராயிங், ஆர்டர் எல்லாம். அது வேனில், அல்லது டூல் பையின் மேல் அறையில். "ஏங்க, ரெண்டு போன் வச்சுட்டும் ஒண்ணுலயும் எடுக்க மாட்டீங்களே" என்று வீட்டில் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். மெயின் சிம் எஸ்10இ-யில் இருக்கிறது, அவள் கூப்பிடுவது ஏ55-க்கு.

எஸ்10இ செகண்ட் ஹேண்டில் வாங்க நினைத்தால்: போனைச் சமமான மேஜையில் மல்லாக்க வைத்து, நாலு மூலையையும் அழுத்திப் பாருங்கள். ஆடினால் வேண்டாம். முதுகு ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் ஏதாவது ஒன்றைத் திறந்து, திரையில் செங்குத்தாகக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் இதற்குத் திரை மாற்றுவது போன் விலையைத் தாண்டிவிடும். நல்ல பேட்டரிக்கு 2,000 சொச்சம் தனியாக எடுத்து வையுங்கள். வங்கி ஆப் போடாதீர்கள். ஏ55 வாங்கினால் பெட்டியில் சார்ஜர் இருக்காது, 25 வாட் சார்ஜர் ஒன்று கையோடு வாங்குங்கள். கவர் எடுக்கும்போது பளபளவென்று இருப்பதை விட்டுவிட்டு சொரசொரப்பாக இருப்பதாகப் பாருங்கள். சட்டை தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் பையை ஒரு அங்குலம் இறக்கித் தைக்கச் சொல்லுங்கள். எங்கள் தெரு டெய்லர் அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.